கஷாயம் குடிப்பவரைத் திட்டாதீர்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அத்துறையின் கீழ் இயங்கும் பொது சுகாதாரம், இந்திய மருத்துவம் ஆகிய இரண்டு இயக்குநரகங்களின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர். என் கடைக்கும் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவே ஒரே சுவர். என்னிடம் சுகர் மாத்திரை வாங்கியவர் மீதிச் சில்லறையோடு அங்கே போய் ஆவாரம்பூப் பொடி வாங்குவார். அங்கே மூக்கிரட்டை வேர் வாங்கியவர் திரும்பும் வழியில் என்னிடம் பிரஷர் மாத்திரை கேட்பார். யார் எந்த மருந்தைக் குறைத்துக்கொண்டார், யார் எதை விட்டே விட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் டாக்டருக்குத்தான் தெரியாது. இந்த மடலை எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

முப்பது மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் பதினைந்து போதும் என்பார். அடுத்த முறை பத்து. பணமுடை என்று நினைக்கத் தோன்றும். சிலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் பத்து மாத்திரையோடு நிறுத்திக்கொண்ட அதே ஆள் பக்கத்துக் கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு லேகிய டப்பா வாங்குகிறார் என்றால் பணம் காரணமல்ல. கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எத்தனை வருஷம்தான் சார் இதையே முழுங்கிக்கொண்டிருப்பது?"

இதை அறியாமை என்று எழுதி மூடிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, மூட்டுவாதம் போன்ற நோய்களோடு பல வருஷம் வாழ்ந்தவர்களின் குரலில் உடம்புக் களைப்பைவிட மனக்களைப்புதான் அதிகம் கேட்கிறது. ஆங்கில மருத்துவம் அவர்களிடம் "ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும்" என்கிறது. அது உண்மை. ஆனால் சோர்ந்துபோன மனத்துக்கு அந்த உண்மை தண்டனைத் தீர்ப்பாகக் கேட்கிறது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை ஒருவர் சொல்லிப் பொடியை நீட்டும்போது, பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக ஏதோ ஒரு வழி திறக்கிறது. அதைத் தட்டிவிடுவதால் அவர் மாத்திரைக்குத் திரும்பிவிடப் போவதில்லை. அடுத்த முறை நம்மிடம் சொல்லாமல் குடிப்பார், அவ்வளவுதான்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெங்கு பரவிய காலங்களில் நிலவேம்புக் குடிநீரையும் 2020இல் கபசுரக் குடிநீரையும் ஊர் ஊராகக் காய்ச்சி ஊற்றியது அரசுதான். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவருக்கென்று ஓர் அறையும் உண்டு. அரசே கொடுத்த நம்பிக்கையை வைத்துக்கொண்டிருப்பவரை அதே அரசின் இன்னோர் அறையில் திட்டுவது என்ன நியாயம்?

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலையில் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைத் தலைப்பு முதல் வரி விளம்பரம் வரை படித்து, வருகிறவர் போகிறவரோடு அரசியல் பேசிவிட்டுத்தான் கிளம்புவார். சுகர் அவருடைய சிறுநீரகத்தைக் கொண்டுபோனது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காப்பீட்டுத் திட்டத்தில் செலவில்லாமல் நடந்தது. அந்த வகையில் அரசுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சில மாதங்களில் ஆள் மாறிவிட்டார். பெஞ்சில் உட்காருவார். பேப்பரைக் கையில் கொடுத்தால் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார். தேர்தல் வந்து போனது, வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்று அவர் மனைவி சொன்னபோது, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று யூனிட்டில் சொல்லி அனுப்பினார்கள். அதுவும் பொய்யில்லை. ரத்தத்தில் கழிவு ஏறினாலும் பசி போகும், தூக்கம் கெடும், களைப்பு வரும். மனச்சோர்வு வந்தாலும் அதே மூன்றும்தான் வரும். அதனாலேயே சிறுநீரக நோயாளியின் மனச்சோர்வு யார் கண்ணிலும் படாமல் நழுவுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த கணக்குப்படி, முறையான நேர்காணல் வழியே பார்த்தால்கூட டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு மனச்சோர்வு இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு.

பிறகு அவர் ஒரு வைத்தியரிடம் போனார். மூன்று மாதத்தில் டயாலிசிஸையே நிறுத்திவிடலாம் என்ற வாக்குறுதியோடு ஒரு பழுப்பு பாட்டில் கஷாயம் வந்தது. இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்டார். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்ட, நள்ளிரவில் 108இல் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார். அங்கே அவருக்குக் கிடைத்தது நல்ல சிகிச்சை, கூடவே வார்டு முழுவதும் கேட்கும்படி ஒரு வசவு. வீட்டுக்கு வந்தபின் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த வைத்தியர் ஏமாற்றுக்காரன்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் என் கையைப் பிடித்து நாடி பார்த்தான். ஒரு மணி நேரம் பேசினான். ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்டான். இத்தனை நாளில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான்."

அந்த ஆளிடம் மருத்துவராகப் பதிவு செய்த சான்றிதழே கிடையாது. ஆனாலும் நம் முழு அமைப்பும் கேட்கத் தவறிய கேள்வியை அவன் கேட்டிருக்கிறான். கடையில் உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்கு வெட்கமாக இருப்பது இங்கேதான்.

என்ன மூலிகை எடுக்கிறார், மனம் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை என் தொழில் சார்ந்து சொல்கிறேன். சிறுநீரகம் பழுதானவர் உடம்பைக் குளிரவைக்க இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடிக்கிறார். கல்லடைப்புக்குச் சொல்லப்படும் இவை டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியவை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு வாயில் சர்க்கரை போட்டால் மணலைப் போல் இருக்கும். அதன் பொடியைக் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சிலருக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். தையல் வேலை செய்யும் ஓர் அம்மா என் கடை வாசலிலேயே வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்திருக்கிறார். படபடப்பு என்று நினைத்துத் தூக்க மாத்திரை கேட்கத்தான் வந்திருந்தார். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். தூக்கத்துக்கென்று வாங்கும் அமுக்கராச் சூரணம் தூக்க மாத்திரையின் மயக்கத்தைக் கூட்டும், தைராய்டு அளவையும் மாற்றலாம். நம் வேலிகளில் படரும் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைப்பதற்கான மருந்தில் அந்தக் குடும்பத்துச் சீனத் தாவரம் ஒன்று தவறுதலாகக் கலந்து, இளம்பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

மனச்சோர்வுக்கென்றே விற்கும் மூலிகையும் உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பியப் பூச்செடியின் மாத்திரையை இப்போது ஆன்லைனில் வாங்கிவிடலாம். லேசான மனச்சோர்வில் அது ஓரளவு பயன்படுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் பிற மருந்துகளை ஈரல் சீக்கிரம் சிதைக்கும்படி அது தூண்டிவிடும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மருத்துவக் குறிப்பின்படி, சூரிச் நகரில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவருக்கு, இதைச் சாப்பிட்டதால் மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு சரிந்து, பொருத்திய இதயத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கியது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் எத்தனையோ பேர் நம் மாநிலத்தில் சைக்ளோஸ்போரினோ, அதே வேலைக்கான டாக்ரோலிமஸோ சாப்பிடுகிறார்கள். மனம் சரியில்லை என்று அவர்களில் யாரேனும் செல்பேசியில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுபோன்ற ஏதாவது ஒரு "இயற்கை" மாத்திரையாகத்தான் இருக்கும்.

மூலிகைக்கும் மனத்துக்கும் உள்ள கணக்கு புதிதும் அல்ல. சர்ப்பகந்தா என்ற மூலிகை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினார்கள். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழுக்கு எடுத்துச் சென்றபின் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருள் பிரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுவதாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதில் பிற்காலத்தில் விவாதம் எழுந்தது, இருக்கட்டும். பிரஷருக்கு மருந்து கொடுத்துவிட்டு "மனம் எப்படி இருக்கிறது" என்று கேட்ட யாரோ ஒரு டாக்டர் இருந்ததால்தான் அந்த விவாதமே பிறந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கஷாயம் குடிக்கும் எல்லோருக்கும் மனச்சோர்வு என்று முத்திரை குத்த ஆரம்பித்தால் அதைவிட அபத்தம் வேறில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, காலையில் நடந்து, வெந்தயமும் பாகற்காயும் உணவில் சேர்த்து, உற்சாகமாக இருப்பவர்கள் ஏராளம். பக்கத்துக் கடைக்காரரே அப்படி ஒருவர். சோர்வாக இருப்பவர் எல்லோருக்கும் மனநோய் என்பதும் இல்லை. மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தாலும் சோர்வும் மறதியும் மனத்தளர்ச்சியும் வரும். தைராய்டைப் பார்க்காமல் மனச்சோர்வு மாத்திரை எழுதுவதும் தவறு. நான் கேட்பது கண்டுபிடிப்பு அல்ல, விசாரிப்பு.

விசாரிப்பதற்கு ஆளும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். அந்தத் தன்னார்வலர் அதே தெருக்காரர். அடுப்பில் கொதிப்பது என்ன கஷாயம் என்பது அவருக்கு வாசலில் நிற்கும்போதே வாசனையில் தெரியும். ஆனால் அவர் கையில் இருக்கும் பதிவேட்டில் அதை எழுத இடமில்லை.

அந்த இடத்தை உண்டாக்குங்கள் என்பதே என் முதல் கோரிக்கை. நோயாளியின் நோட்டில் ஒரு வரி போதும்: வேறு என்ன மருந்து, சூரணம், கஷாயம், லேகியம் எடுக்கிறார், யாரிடம் வாங்கினார். கேட்கும் விதம் முக்கியம். "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று புருவத்தை உயர்த்திக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "மாத்திரையோடு வேறு என்னவெல்லாம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பையையே எடுத்து வந்து கொட்டுவார்கள். என் அனுபவம் இது.

கூடவே மனத்தைப் பற்றிய இரண்டு கேள்விகள். இவை உலகம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கேட்கப்படுபவைதான். கடந்த இரண்டு வாரங்களில் எந்தக் காரியத்திலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் தளர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்லை" முதல் "ஏறக்குறைய தினமும்" வரை, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். இரண்டும் சேர்ந்து மூன்றைத் தொட்டால் அடுத்த கட்டப் பரிசோதனை. ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்கள் கண்டக்டர் பேப்பரைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்த காலத்தில் யாராவது முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் அதிலேயே மூன்று வாங்கியிருப்பார்.

கேட்டுவிட்டு அனுப்புவதற்கு இடம் இல்லையென்றால் கேட்பது கொடுமை. மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறது என்பது தன்னார்வலருக்கும் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். 14416 என்ற தொலைபேசி மனநல சேவை 2022 முதல் இருக்கிறது. என் கடைக்கு வருபவர்களில் அந்த எண்ணைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. மாத்திரை உறையிலேயே அச்சடித்துக் கொடுக்கலாமே. தன்னார்வலர்கள் மீது இன்னொரு பாரத்தைப் போடுவதானால் அதற்கான பயிற்சியும் ஊதியமும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிற தொகைக்கு அவர்கள் ஏற்கெனவே அதிகம் நடக்கிறார்கள்.

சித்த மருத்துவப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஓ.பி., இரண்டு சீட்டு, இரண்டு பதிவேடு. இந்த அறையில் எழுதியது அந்த அறைக்குத் தெரியாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைச் சித்த மருத்துவர் பார்க்க வேண்டும். பொது மருத்துவர் சித்த மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு இயக்குநரகங்களும் ஒரே துறையின் கீழ்தான் இருக்கின்றன என்பதால் இதற்கு ஒரு சுற்றறிக்கைக்கு மேல் என்ன தேவை என்று எனக்குப் புரியவில்லை. படித்த சித்த மருத்துவர்களை இதில் பகைவர்களாகப் பார்க்கவும் வேண்டாம். "இந்த நிலையில் கஷாயம் வேண்டாம், டயாலிசிஸை விடாதே" என்று சொல்லி அனுப்பிய சித்த மருத்துவரை எனக்குத் தெரியும். அவர் சொன்னால் நோயாளி கேட்கிறார். டாக்டர் சொன்னால் "அவர்களுக்கு நம் மருந்து பிடிக்காது" என்று விட்டுவிடுகிறார்.

விளம்பரங்களைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. எங்கள் பஸ் நிலையச் சுவருக்கும் லோக்கல் கேபிள் சேனலுக்கும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாக, எங்களை மறந்துவிடாதீர்கள். அரசுத் திட்டத்துக்குள் வராமல் தனியார் டாக்டரிடம் காட்டி, கடையில் மருந்து வாங்கிப் போகிறவர்கள் ஒரு பெரும் கூட்டம். மாத்திரை குறைவதை முதலில் பார்ப்பவர் மருந்தாளுநர். ஆனால் பார்த்ததை யாரிடம் சொல்வது என்று எங்களுக்கு வழியில்லை. அரைப்பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்துக் கொடுங்கள்: எந்த மருந்து, கூட எந்த மூலிகை, என்ன தொந்தரவு, இரண்டு கேள்விகளுக்கும் என்ன மதிப்பெண். நோயாளியின் சம்மதத்தோடு நிரப்பி, அவர் கையிலேயே கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறோம். அங்கே அதை வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரரிடமும் பேசிவிட்டேன். தம் கடையிலும் ஒரு கட்டு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு சிற்றூர் மருந்தாளுநர்